சட்டத் தன்னார்வலர் சம்பளம் கேட்டால் துரோகமா?

போன மாதம் ஒரு தங்கை என்னைப் பார்க்க வந்தாள். பி.ஏ. வரலாறு முடித்தவள், அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. "அக்கா, நீங்க செய்ற வேலைக்கு நானும் வரலாமா? வந்தா என்னவா ஆகலாம்?" என்று கேட்டாள். வா என்று உடனே சொல்லிவிட்டேன். என்னவாக ஆகலாம் என்பதற்கு எனக்குப் பதில் வரவில்லை. பதினோரு ஆண்டுகளாக வடமாவட்டங்களில் வன்கொடுமை வழக்குகளுக்காக ஓடுகிறேன். என் அடையாள அட்டையில் இன்றைக்கும் 'தன்னார்வலர்' என்றுதான் இருக்கிறது.

இந்த வேலையை ஆங்கிலத்தில் பாராலீகல் என்கிறார்கள். காவல் நிலையத்தில் எனக்கு வேறு பெயர், 'பிசிஆர் போட வைக்கிற பொம்பள'.

வேலை என்னவென்று சொல்கிறேன். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான் என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்காது. 1989 சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, இழிவுபடுத்தல் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. வெளியாள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே எந்த இடம், பெட்டிக்கடைக்கு முன்பா பின்பா, யார் யார் நின்றார்கள், சொன்ன வார்த்தை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த வார்த்தை வரும் இடத்தில் நின்றுவிட்டார். "அத என் வாயால சொல்லணுமா தாயி?" என்றார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பையனை டீ வாங்க அனுப்பிய பிறகுதான் சொன்னார். நான் எழுதினேன். மனுவில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவே இருக்காது. எந்தச் சட்டக் கல்லூரியிலும் இதற்குப் பாடம் கிடையாது.

மனு கொடுத்த அன்று மாலையே எதிர்த்தரப்பு ஒரு எதிர்மனு கொடுக்கும், பெரும்பாலும் வழிப்பறி அல்லது பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தான் என்று. இரண்டையும் காட்டி ராஜியாகப் போகச் சொல்வார்கள். 4ஆம் பிரிவின்படி புகாரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை நான் நினைவூட்ட வேண்டும். டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும், ஆய்வாளர் விசாரித்தால் வழக்கு பின்னால் அடிபடும். சாதிச் சான்றிதழ் இல்லாதவருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். தீருதவித் தொகை இருக்கிறதே, அது தனிக் கதை. ஒன்றிய அரசின் 2016 விதித் திருத்தத்தில் இந்தக் குற்றத்துக்கு 1 லட்சம் ரூபாய், அதில் கால் பங்கு முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே வர வேண்டும். அந்த 25,000 ரூபாய்க்கு எத்தனை முறை ஆட்சியர் அலுவலகப் படியேறியிருக்கிறேன் என்று கணக்கில்லை. பேருந்துக் கட்டணம் என் கையிலிருந்து.

2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. உரிமை இருக்கிறது, உதவுகிறவருக்குப் பதவி இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் திட்டம் 2009இல் வந்தது. அதிலும் பணி ஒப்படைத்த நாளுக்கு மதிப்பூதியம்தான், சம்பளம் கிடையாது. அதே தேசிய ஆணைக்குழு 2022இல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகச் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையைக் கொண்டுவந்தது. அந்த அலுவலகத்தில் எழுத்தருக்கும் மாத ஊதியம் உண்டு. அதை நான் எதிர்க்கவில்லை. சிறையில் வக்கீல் இல்லாமல் கிடப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் தெருவில் அடிவாங்கியவரோடு நடப்பவர் மட்டும் ஏன் ஊதியமில்லாதவர்?

இதைக் கூட்டங்களில் பேசினால் சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். இயக்க வேலைக்குக் கூலியா என்கிறார்கள். நான் இருந்த தொண்டு நிறுவனத்தில் மூன்றாண்டுத் திட்ட நிதி முடிந்ததும், "கொஞ்ச நாள் சேவையாப் பாருங்க" என்றார்கள். கொஞ்ச நாள் பதினான்கு மாதமானது. இயக்குநரின் சம்பளம் அந்தப் பதினான்கு மாதமும் நிற்கவில்லை. வாதாடுவது ஒரு கூட்டம், மனு தூக்கி ஓடுவது இன்னொரு கூட்டம், ஓடுகிறவர் எப்போதும் சேரிக்காரர் என்றால், நாம் எதிர்க்கிற வேலைப் பிரிவினை நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. கூலியில்லாத வேலைக்குச் சேவை என்று பெயர் வைப்பது நமக்குப் பழகிய தந்திரம்தானே. வெட்டியான் வேலையையும் அப்படித்தான் சொன்னார்கள்.

சென்னையில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் அலுவலகங்களிலும் பாராலீகல் பதவி உண்டு. ஆங்கிலம் உள்ளவர்களுக்கு அது. அந்த ஏணி எங்கள் தெருவில் சாத்தப்படவில்லை.

மிச்சமிருப்பது சட்டப் படிப்பு. வழக்கறிஞர்கள் சட்டப்படி பட்டியல் சாதியினருக்குப் பதிவுக் கட்டணம் மொத்தமே 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலையில் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவு செய்த பிறகு சீனியரிடம் சம்பளமில்லாமல் நிற்கும் ஆண்டுகளுக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை. என்னோடு ஓடிய இரண்டு பேர் படித்து வக்கீலானார்கள். ஒருவர் திரும்பி வந்து சூளைக் கணக்கு எழுதுகிறார்.

வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் பாதிக்கப்பட்டோர் உதவியாளர் என்று ஊதியப் பதவி வேண்டும், களத்தில் இருந்த ஆண்டுகளுக்கு அதில் முன்னுரிமை வேண்டும். நம் அமைப்புகள் அரசைக் கேட்கும் முன் தங்கள் ஊழியருக்கு வைப்பு நிதி கட்டட்டும்.

தங்கைக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை டிஎஸ்பி அலுவலகத்துக்கு என்னோடு வர வேண்டும், சட்டக் கல்லூரி விண்ணப்பத்தையும் இந்த ஆண்டே போட்டுவிட வேண்டும். பேருந்துக் காசை முதல் நாளே அமைப்பிடம் கேட்டு வாங்கிக்கொள் என்றும் சொன்னேன். "கேட்டா தப்பா நெனப்பாங்களாக்கா?" என்றாள். நெனைக்கட்டும் என்றேன்.