வேட்டைக்குக் கல்வெட்டு, மேய்ச்சலுக்கு?

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவிலுள்ள கல்வெட்டொன்று வேட்டைக் கணக்கைச் சொல்கிறது: 1938இல், வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் வீழ்ந்த பறவைகள் 4,273.

1982இல் அதே ஈரநிலத்தில் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தார்மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பறிபோயின. எருமைகள் வெளியேற, பாஸ்பேலம் புல் பெருகி நீர்ப்பரப்பை மூடியது. மேய்ச்சலே அப்புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு பின்னர் உணர்த்தியது. சட்டம் துரத்தியவர்களின் பக்கமே உண்மை இருந்தது.

ஈரநிலக் கல்வி மையத்தை நிர்வகிப்பது என்றால் கட்டடத்தையும் காட்சிப்பலகைகளையும் பராமரிப்பது மட்டுமா? எதைக் கற்பிப்பது, யாரை ஆசிரியராக ஏற்பது என்பவையே நிர்வாகத்தின் முதன்மை முடிவுகள். கொக்கின் அலகையும் வாத்தின் இறகையும் விளக்கிவிட்டு மேய்ச்சலின் வரலாற்றை விழுங்கிவிடும் மையம் மாணவருக்குப் பாதி இயற்கையையே காட்டுகிறது.

‘சிறுவர்களுக்கு அரசியல் எதற்கு?’ என்பர் சிலர். அஜான் அணை நீரைத் தேக்கி மன்னர்கள் வேட்டைக்கென அமைத்த ஈரநிலம் இது. அரசியலை நீக்கினால் இதன் பிறப்பையே விளக்க இயலாது.

பள்ளிப் பட்டம் எதிர்பாராமல் பறவைகளைக் கற்ற ரிக்‌ஷா ஓட்டுநர்கள் இப்பூங்காவில் வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். அந்த இடம் மேய்ச்சல்காரருக்கும் உரியது. 1982இன் வரலாறும் அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்ட கதையும் மையங்களின் முதற்சுவரிலேயே எழுதப்பட வேண்டும்.