ஸ்டேட்டஸ்ல துஆ... டிபி-யில ரோஜாப்பூ!

வெள்ளிக்கிழமை ஆனா வாட்ஸ்அப்ல 'ஜும்ஆ முபாரக்' வரிசை கட்டும். ரம்ஜான் வந்தா இன்ஸ்டால நோன்புக் கஞ்சி, பக்கத்துலயே வடை, சமோசா. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு புதுக்கோட்டை கடற்கரை ஊர்கள்ல வளர்ற முஸ்லிம் டீன்ஏஜ் பசங்களுக்கு இது ரொம்ப சகஜம். மத்தவங்க பொங்கலுக்குக் கோலத்தை ஸ்டோரியில போடுற மாதிரிதான்.

ஆனா, பையன் போட்டா முகம் இருக்கும். பொண்ணு போட்டா பெரும்பாலும் மருதாணி வெச்ச கை, இல்லைன்னா திரும்பி நிக்கிற ஒரு படம். டிபி-யில ரோஜாப்பூ. வீட்டுக் கட்டுப்பாடும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்லலை. அதோட முடிஞ்சிடலையே! 2021 ஜூலையில 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி 1-ம் தேதி 'புல்லி பாய்'னு ரெண்டு ஆப். முஸ்லிம் பெண்கள் சோஷியல் மீடியாவுல போட்ட போட்டோக்களை எடுத்து, 'ஏலத்துக்கு'ன்னு போட்டாங்க. 'புல்லி பாய்' வழக்குல கைதானவங்கள்ல சிலருக்கு 20 வயசை ஒட்டித்தான் இருக்கும். அதாவது, காலேஜ் போற வயசு. இதைப் பார்த்த பிறகு ஒரு பொண்ணு முகம் காட்டத் தயங்கினா, அதைப் பழைமைவாதம்னு சொல்றது எனக்கு நியாயமா படலை.

அதே வருஷம் பிப்ரவரியில கர்நாடகா, மாண்டியாவுல ஹிஜாப் போட்ட ஒரு மாணவி கூட்டத்துக்கு எதிரா தனியா நின்ன வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. அடுத்த சில நாள்லயே நம்ம மேலூர் நகராட்சித் தேர்தல்ல, ஹிஜாப்போட ஓட்டுப் போட வந்தவங்களைப் பார்த்து பா.ஜ.க ஏஜென்ட் ஆட்சேபம் பண்ணி, அவரையே வெளியே அனுப்பினாங்க. துணி ஒண்ணு நியூஸ் ஆனப்போ, அதைப் போட்டுக்கிட்டு செல்ஃபி எடுக்குறதும் ஒரு ஸ்டேட்மென்ட் ஆகிடுச்சு. அந்தப் பொண்ணு நினைச்சாலும் நினைக்காட்டியும்!

வெளியிலதான் இப்படின்னா, உள்ளுக்குள்ள இன்னொரு பஞ்சாயத்து. திருமயம் பக்கம் காட்டுபாவா பள்ளிவாசல், கோட்டைப்பட்டினம் தர்கான்னு சந்தனக்கூடு ரீல்ஸ் போட்டுப் பாருங்க. 'மாஷா அல்லாஹ்'வுக்கு நடுவுல 'இது ஷிர்க், டெலீட் பண்ணு'ன்னு ஒருத்தர் வந்துடுவார். தவ்ஹீத், சுன்னத் ஜமாஅத் சண்டை ரொம்பப் பழசு. முன்னாடி அது மேடையில, நோட்டீஸ்ல நடந்துச்சு. இப்போ பதினாறு வயசுப் பையனோட கமென்ட் பாக்ஸ்ல நடக்குது. பொண்ணு பாட்டு வெச்சு ரீல்ஸ் போட்டா கேட்கவே வேணாம்.

அதனால நிறைய பேர் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பச்சை வட்டத்துக்குள்ள போயிடுறாங்க. கஞ்சி, கிண்டல், பெருநாள் டிரஸ் எல்லாம் அங்கேதான். வெளியில இருக்கிறவங்க கண்ணுல படுறது மிச்சமிருக்கிற பயானும் வாக்குவாதமும் மட்டும்தான். அதைப் பார்த்துட்டு, 'இந்தப் பசங்க எப்பவும் மதம்தான் பேசுவாங்க'ன்னு முடிவும் பண்ணிடுறாங்க.

2025 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட்ல, கணக்கு தானாவே பிரைவேட் ஆகிடும். 16 வயசுக்குக் கீழே இருந்தா, மாத்துறதுக்குப் பெற்றோர் அனுமதி வேணும். அத்தா துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பார். அம்மாதான் ஓகே கொடுக்கணும். அந்த அம்மாவுக்கு இன்ஸ்டா சொல்லிக்கொடுத்ததே பல வீட்டுல இந்தப் பொண்ணுதான்!