எழுதி வைப்பதும் ஓர் அறமே

கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்றளியைக் கண்டு வியவாதார் இலர். சோழ மன்னர் வென்ற நாடுகளும், வழங்கிய நிலங்களும், ஏற்றி வைத்த விளக்குகளும் கல்லில் வெட்டப்பட்டு இன்றும் நம்மோடு பேசுகின்றன. ஆனால், அரசால் அழிவுற்ற எளியோரின் துயரைச் சொல்லும் கல்லைக் காண்பது அரிது. ஆட்சியாளர் தம் வெற்றியைத் தாமே எழுதிக்கொள்வர். மக்கள் தம் துயரைத் தாமே எழுதிக்கொண்டாலன்றி அது மறைந்துபோகும். வரலாறு கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

அக்கோயிலுக்கு அண்மையில் உள்ள ஊர் மீன்சுருட்டி. இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 1993-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதன் காவல் எல்லைக்குள் ஓர் ஆணின் உடல் கிடந்தது. 'அடையாளம் தெரியாதவர்' என்று பதிவு செய்தனர். அதே நாள்களில், மாவட்ட எல்லைக்கு அப்பால் கம்மாபுரம் காவல் நிலையத்திலோ, திருட்டு வழக்கில் பிடித்து வந்த ராசாக்கண்ணு என்பவர் தப்பியோடிவிட்டதாகக் கூறினர். ஓரிடத்தில் ஆளில்லாப் பெயர். மற்றோரிடத்தில் பெயரில்லா உடல். இவ்விரண்டும் ஒன்றே என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டியவர் முதுநகர் ஒன்றில் கற்றுத் தேர்ந்த அறிஞர் அல்லர். முதனை என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஏழைப்பெண், ராசாக்கண்ணுவின் மனைவி பார்வதி. அவருக்காக வழக்காடியவர், பின்னாளில் நீதியரசரான கே. சந்துரு. இறந்தவர் யார் என்பதை உறுதிப்படுத்த உதவியது, புதைக்கும் முன் எடுக்கப்பட்ட ஒளிப்படம். 2006-இல் உயர்நீதிமன்றம் காவலர் ஐவரைக் குற்றவாளிகள் எனத் தண்டித்தது. 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தால் இவ்வழக்கை நாடே அறிந்தது. ஆனால், அதில் ஒரு பகுதி நம் மண்ணில் நிகழ்ந்தது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

சிலம்பு கற்ற நமக்கு இது புதிதன்று. கோவலன் கொலையுண்டது முறையான விசாரணையின்றியே. கண்ணகி கண்ணீர் விட்டதனால் மட்டும் வழக்கில் வென்றாளில்லை. தன் சிலம்பை உடைத்து, அதனுள் இருந்த மாணிக்கத்தைச் சான்றாகக் காட்டினாள். சான்றின் முன் செங்கோல் தலைகுனிந்தது. சான்றில்லாத கண்ணீரை அதிகாரம் எளிதில் துடைத்தெறிந்துவிடும்.

பெண்கள் பட்ட பாடு

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் வன்புணர்வுக்கு ஆளாயினர். அரசு முதலில் மறுத்தது. ஆனால், மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் பொதுவுடைமை இயக்கத்தினரும் அப்பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டினர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தார். 1995-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர்; எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அதனை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. முப்பத்தோராண்டுக் காலம்! நினைவு மங்கும், சான்றாளர் மறைவர், எழுத்து ஒன்றே அத்துணைக் காலம் நிலைக்கும்.

ஒதுக்கப்பட்டோர் நிலை

பெண்களுக்கேனும் பேச ஓரிரு குரல்கள் எழுந்தன. திருநங்கையருக்கு அதுவும் நெடுங்காலம் வாய்க்கவில்லை. 2006-இல் சென்னையில், காவல் நிலையத்தில் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட ஒருவர் தீக்குளித்து மாண்டார். உடன்பிறந்தவள் தொடுத்த வழக்கில், ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் ஆணையிட்டது. 2021-இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணையின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையரைக் காவலர் துன்புறுத்தலாகாது என்னும் விதி 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. அவர்தம் வாழ்க்கை முறை பற்றி நம்மிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆயினும், ஒருவரை அடிப்பதற்கு அரசுக்கு உரிமையில்லை என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமே இல்லை.

சிறையில் வாடுவோர்

அரசியல் கைதிகள் பற்றிப் பேசும்போது நம் மனம் தயங்குவது இயல்பே. 1987 மார்ச்சு 15 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வைக்கப்பட்ட குண்டால் மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்து, குற்றமற்ற பயணிகள் மாண்டதை இப்பகுதியினர் மறந்திலர். அத்தகு வன்செயலைச் செய்தோர் தண்டிக்கப்பட வேண்டியவரே. ஆனால், தண்டிப்பது சட்டமாக இருத்தல் வேண்டும். காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் குற்றத்தை ஒப்புவிக்கவும் 'கிட்டி' முதலிய கொடுமைகள் இழைக்கப்பட்டதை 1855-இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தியிருந்தது. அயலார் ஆட்சியே அஞ்சி இட்ட அவ்வேலியை, 1985 முதல் 1995 வரை நடைமுறையில் இருந்த தடாச் சட்டம் உடைத்தது. அதன்கீழ்ப் பெற்ற வாக்குமூலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு பேரறிவாளனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சொன்னவற்றுள் அவருக்குச் சாதகமான ஒரு பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக, வாக்குமூலம் பதிந்த அதிகாரி தியாகராசன் 2013-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1991-இல் பத்தொன்பது வயதில் சிறை புகுந்தவர் 2022 மே 18 அன்று உச்சநீதிமன்ற ஆணையால் விடுதலையானார். எழுதாமல் விட்ட ஒரு வரியின் விலை எத்துணை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் கடமை யாது?

'நமக்கேன் இந்த வம்பு?' என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அவர்தம் அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அதனை இகழ்தல் கூடாது. பெண்ணின் மானம் வெளியில் தெரியலாகாதே என்னும் கவலையும் நியாயமானதே. எனினும், மானம் இழந்தவள் துன்புற்றவள் அல்லள், துன்புறுத்தியவனே. மேலும், வன்புணர்வுக்கு ஆளானோர் பெயரை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. எனவே, ஆவணப்படுத்துதல் என்பது ஊரறியத் தூற்றுதல் அன்று. உரியவரின் இசைவோடு, உண்மையைக் காத்து வைத்தல்.

இப்பணிக்குத் தமிழ் பயில்வோரே மிகவும் தகுதியுடையோர். வந்தவர் சொல்லை மிகைப்படுத்தாமல், அவர் பேசிய மொழியிலேயே எழுதுக. நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தவறாது குறிக்க. கண்டது வேறு, கேட்டது வேறு எனப் பிரித்து வைக்க. காயத்தை மருத்துவர் பதிவு செய்யுமாறு வற்புறுத்துக. மனுவின் படியையும் அது பெறப்பட்டதற்கான ஒப்புகையையும் காக்க. எழுதியதைப் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே கையொப்பம் வாங்குக. காவல் நிலையத்தில் ஓர் உயிர் பிரிந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பதையும், கைது செய்வோருக்கு 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகளையும் ஊரார்க்கு எடுத்துரைக்க.

சித்திரவதைக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டும் இன்றளவும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. தில்லி செய்ய வேண்டியதைத் தில்லி செய்யட்டும். நம் ஊரில், எழுதத் தெரியாத ஒரு தாய் தன் மகனுக்காக மனு எழுத ஆள் தேடி அலைகையில், பட்டம் பெற்ற நாம் கதவடைத்திருத்தல் தகுமா? கற்ற தமிழ் மேடைக்கு மட்டும் உரியதன்று. அத்தாயின் மனுவில் பிழையின்றி நிற்கும் நான்கு வரிகளுக்கும் அது உரியது.