‘பட்’டுன்னு அடிக்கிறதும் ‘சுர்ர்’ருன்னு இழுக்கிறதும் ஒண்ணு இல்லீங்க

"டாக்டர், கார் கதவைத் தொட்டாலே ஷாக் அடிக்குது. உடம்புல கரண்ட் ஜாஸ்தியா இருக்கா? நரம்பு டெஸ்ட் எடுக்கலாமா?"

அடிக்கடி வர்ற கேள்வி. சிலர் கேக்கறதுக்கு முன்னாடியே சத்து மாத்திரையும் செம்புக் காப்பும் வாங்கிப் போட்டுட்டு வர்றாங்க. காசு வேஸ்ட். இது நரம்பு வியாதியே இல்ல.

பாலியஸ்டர் துணி சீட்டில் உரசும்போது உடம்பில் மின்னூட்டம் சேரும். காற்றில் ஈரம் இருந்தால் தானாக வடிந்துவிடும். ஏசி காற்று காய்ந்து கிடப்பதால் வடியாமல் நின்று, உலோகத்தைத் தொட்டதும் மொத்தமாகப் பாயும். வெளியே வியர்த்து ஊத்துற சென்னையில் ஆபீஸுக்குள்ள மட்டும் அடிக்குதே, அதான் காரணம்.

இந்த ‘பட்’ நமக்கு உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேணும். பயப்படாதீங்க, சேர்ந்திருக்கும் மின்னூட்டம் துளியூண்டு. கண் இமைக்கும் முன்னே தீர்ந்துடும். காரில் கதவின் உலோகச் சட்டத்தைப் பிடிச்சபடியே இறங்குங்க. சாவியால முதல்ல தொடுங்க. பருத்தி உடுத்துங்க. போதும். கேனில் பெட்ரோல் வாங்கும்போது மட்டும் கேனைத் தரையில் வெச்சு நிரப்பச் சொல்லுங்க. பெட்ரோல் ஆவிக்கு அந்தச் சின்னப் பொறியே போதும்.

என்னை பயமுறுத்துறது வேற.

"ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது. ஸ்டாட்டிக்தான்னு பையன் சொன்னான். செருப்பு போட்டுட்டுத் தொடுறேன்" என்றார் ஒரு அம்மா, போகிற போக்கில். அவர் வந்தது முட்டி வலிக்கு!

அம்மா, அது ஸ்டாட்டிக் இல்ல. ஸ்டாட்டிக் ஒரே ஒரு ‘பட்’டோட முடிஞ்சிடும். கை வெச்சிருக்கும் வரைக்கும் சுர்ருன்னா அது கரண்ட் கசிவு. ஈரக் கையும் வெறுங்காலுமா ஒருநாள் தொட்டா இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிடும். (சந்தேகம் தீரணும்னு திரும்பத் தொட்டுப் பாக்காதீங்க, ப்ளீஸ்.) மெயினை அணைங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, எர்த்தைப் பாக்கச் சொல்லுங்க. அந்த அம்மா வீட்ல, மூணு பின் பிளக்கை ரெண்டு ஓட்டை சாக்கெட்ல சொருக எர்த் பின்னையே உடைச்சு எடுத்திருந்தாங்க.

"எம்சிபி இருக்கே சார்"னு சொல்வீங்க. எம்சிபி வயரைக் காப்பாத்தும், உங்களை இல்ல. ஆளைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கிரானைட் போட செலவு பண்றோம், இதுக்கு மட்டும் கணக்குப் பாக்குறோம்.

ஏற்கெனவே மாட்டியிருக்கீங்களா? அதுல இருக்கற டெஸ்ட் பட்டனைக் கடைசியா எப்ப அழுத்துனீங்க?