அஷ்டமியில கிளம்புங்க!

பௌர்ணமி ராத்திரி கடற்கரையில உட்கார்ந்திருக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? எங்களுக்கும் இருந்துச்சு. டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்ச கையோட நாலு பேர் கோகர்ணாவுக்கு டிக்கெட் போட்டப்ப, தேதியை முடிவு பண்ணினதே நிலாவைப் பார்த்துத்தான். தேதி குறிச்ச புண்ணியவான், அடியேன்.

போகாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோகர்ணா, கர்நாடகாவோட வட கன்னட மாவட்டத்துல இருக்கு. மகாபலேஸ்வரர் கோயிலுக்குப் பேர்போன ஊர். மங்களூர்ல இறங்கி கொங்கண் ரயில் பிடிச்சா, 'கோகர்ணா ரோடு'னே ஒரு ஸ்டேஷன். ஊர்க் கடற்கரையிலேர்ந்து தெற்கே நடந்தா குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ்னு வரிசையா பீச். நம்ம மெரினா மாதிரி ஒரே நேர்க்கோடு இல்ல. ஒவ்வொரு பீச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மலை அப்படியே கடலுக்குள்ள மூக்கை நீட்டிட்டு நிக்கும். அந்த முனைகளை ஏறி இறங்கறதுதான் ட்ரெக். ஒரு பக்கம் காடு, காலுக்குக் கீழ அரபிக்கடல். கடைசியில இருக்கற பாரடைஸுக்கு ரோடே கிடையாது. நடக்கணும், இல்லேன்னா படகு.

முனையைத் தாண்ட மேல ஒத்தையடிப் பாதை இருக்கு. கடல் உள்வாங்கியிருக்கும்போது அங்கங்கே கீழ பாறை மேலேயும் நடந்துடலாம். ஏற்றம் கிடையாது, போட்டோவும் சூப்பரா வரும். பௌர்ணமிக்கு மறுநாள் காலைல ஏழு மணிக்கு ஹாஃப் மூன்லேர்ந்து பாரடைஸுக்கு அப்படித்தான் போனோம். பாறை காய்ஞ்சு கிடந்துச்சு. பத்தே நிமிஷம்!

திரும்பினது பதினொன்றே கால் மணிக்கு. காலைல நடந்த பாறையைக் காணோம். அது இருந்த இடத்துல அலை ஏறி இறங்கிட்டிருந்துச்சு. மேல் பாதையில போனா இருபது நிமிஷம் மூச்சு வாங்கணும். "ரெண்டு அலைக்கு நடுவுல கேப் இருக்குடா, ஓடிடலாம்"னு சொன்னது யார்னு நினைக்கறீங்க? தேதி குறிச்ச அதே புண்ணியவான்தான்.

முதல்ல ரெண்டு பேர் ஓடித் தாண்டிட்டாங்க. மூணாவது நான். எனக்குப் பின்னாடி எங்க மெஸ் செகரட்டரி. நாலு பேர்ல நீச்சல் தெரியாத ஒரே ஆள் அவன்தான். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும்தான் சொன்னேன். அலை அவன் முட்டியைத் தட்டுச்சு, அவ்வளவுதான். ரெண்டு பாறைக்கு நடுவுல கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டான். என் கைக்குச் சிக்கினது அவன் பேக்கோட பட்டை மட்டும்தான். அடுத்த ரெண்டு அலை வந்து போற வரைக்கும் அந்தப் பட்டையை இழுத்துப் பிடிச்சிட்டிருந்தேன். தையல் விட்டிருந்தா... சரி, விடுங்க.

அந்த நேரத்துல டூரிஸ்ட்டுங்களோட வந்த ஒரு படகுக்காரர் தூரத்துலேர்ந்தே கத்தினார். கன்னடம் பாதி, இந்தி பாதி. 'திரும்பிப் போ, மேல ஏறு'ங்கறது மட்டும் புரிஞ்சது. அப்புறம் நாங்க நின்ன பாறைச் சுவரைக் கையால காட்டினார். என் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையா சிப்பி ஒட்டியிருந்துச்சு. தண்ணி வந்து போற இடத்துலதான் அது உயிர் வாழும். அதாவது, கடல் எதுவரைக்கும் ஏறும்னு பாறையிலேயே கோடு போட்டு வெச்சிருக்கு. காலைல அதே சிப்பி முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருந்தோம்!

மெஸ் செகரட்டரிக்கு முட்டியிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கிழிச்சதும் அந்தச் சிப்பிதான். போன் கடலோட போச்சு. மேல் பாதையில நொண்டிக்கிட்டே வந்தவன், என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஊருக்கு வந்தப்புறம்தான் டைடு டேபிளைப் பார்த்தேன். ரெண்டு ஹை டைடுக்கு நடுவுல கிட்டத்தட்ட 12 மணி 25 நிமிஷம். ஏறச் சுமார் ஆறு மணி நேரம், இறங்கச் சுமார் ஆறு மணி நேரம். நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அதனால நேத்து போன அதே டைமுக்கு இன்னிக்குக் கிளம்பினா கணக்கு தப்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்கள்ல சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்கறதால ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். சென்னையில பௌர்ணமிக்குக்கூட வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனாலதான் நமக்கெல்லாம் இது உறைக்கறதே இல்ல. மேற்குக் கரையில வடக்கே போகப் போக இது கூடும். குஜராத்ல பாவ்நகர் பக்கம் 8 மீட்டரையே தாண்டும்.

தண்ணி ஒரே வேகத்துலயும் ஏறாது. முதல் செமஸ்டர்ல சைன் கர்வ் வரைஞ்சது ஞாபகம் இருக்கா? அதேதான். கணக்குக்கு 1.8 மீட்டர் ஏறுதுன்னு வெச்சுக்குங்க. முதல் மணி நேரத்துல 15 செ.மீ., ரெண்டாவதுல 30, மூணாவது, நாலாவதுல 45, 45, அப்புறம் 30, 15. கப்பல்காரங்க காலங்காலமா வெச்சிருக்கற பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கு இது. நாங்க மணல்ல படுத்து பிஸ்கட் தின்னுட்டிருந்த எட்டரை டு பத்தரையிலதான் கடல் பாதி உயரம் ஏறியிருக்கு. அடுத்த வருஷம் டிகிரி வாங்கப்போற ஆளுக்கு இது அப்புறம்தான் உறைச்சுது பாருங்க!

நீங்க போறப்ப, லோ டைடுக்கு ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே முனையைத் தொடுங்க. தண்ணி இறங்கிட்டிருக்கும், கொஞ்சம் லேட்டானாலும் பரவாயில்லை. திரும்பற நேரத்தைக் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. அதைத் தவறவிட்டா மேல் பாதைதான், பேச்சே இல்ல. டைம் டேபிளை ரூம்லயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க, பாரடைஸ்ல சிக்னலை நம்பாதீங்க. மழைக்காலத்துல இந்தப் பேச்சே வேண்டாம்.

டேபிள் சொல்றது நிலா, சூரியன் கணக்கை மட்டும்தான். அலையை அது சொல்லாது. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் மையம் தினமும் அலை எச்சரிக்கை போடுது, அதையும் பாருங்க. 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில போயிட்டாங்க. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கிளம்பி வர்ற 'கள்ளக்கடல்' அலைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. ஏறக்குறைய நம்ம வயசுக்காரங்க.

நாள் பார்க்க ஆப் எல்லாம்கூட வேண்டாம், வீட்டுச் சுவத்துல தொங்கற தினசரி காலண்டர் போதும். அஷ்டமி, நவமியில நல்ல காரியம் ஆகாதுன்னு பாட்டிங்க சொல்வாங்க இல்லையா? அரை நிலாவுக்கு ஒட்டின அந்த நாள்கள்லதான் ஏற்ற இறக்கம் ரொம்பக் கம்மி. முனை சுத்தற நமக்கு அதுதான் சுபமுகூர்த்தம்!

அடுத்த ட்ரிப்புக்கும் மெஸ் செகரட்டரி வர்றான். அஷ்டமியாப் பார்த்து டிக்கெட் போட்டாச்சு. "போயும் போயும் அஷ்டமியிலயா கிளம்பறே?"னு நேத்து அம்மா கேட்டாங்க. காரணத்தைச் சொல்லணும்னா பதினொன்றே கால் மணி கதையையும் சொல்லணும். இன்னும் சொல்லலை. எப்படியும் வெள்ளிக்கிழமை பேப்பர்காரர் வந்ததும் முதல்ல இந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாங்க.