குளத்துத் துருவும் எலுமிச்சம்பழமும்

கொங்கு நாட்டில் என் வயதுக்காரர்களுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்த கலாசாலை தோட்டத்துக் கிணறுதான். முதுகிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, "குதிடா!" என்று ஒரு தள்ளுத் தள்ளினால் பாடம் ஆரம்பம், கரையேறி வந்தால் தேர்ச்சி. இன்று கோயமுத்தூரைச் சுற்றிலும் அந்தக் கிணறுகளில் பல வறண்டு கிடக்கின்றன. வசதியுள்ள சிலர் வீட்டுக் கொல்லையிலேயே ஓடு பதித்த நீச்சல் குளம் கட்டிக் கொள்கிறார்கள். என் மாப்பிள்ளையும் 40,000 லிட்டர் பிடிக்கும் குளம் ஒன்றைக் கட்டினார்.

கோடை விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குளத்தை நிரப்பினோம். தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. மாலையில் மாப்பிள்ளை தாராளமாகக் குளோரின் தூளைப் போட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தேயிலைத் தண்ணீர்! இரண்டு நாளில் அது தெளிந்தது. ஆனால் வெள்ளை ஓடுகளின் மேல் செம்பழுப்புக் கறை அழுத்தமாய்ப் படிந்து விட்டது.

"ஏனுங்க மாமா, இன்னும் ரெண்டு கிலோ போட்டா வெளுத்துருமுங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பஞ்சும் நூலும் பனியனுமாக வாழும் பிரதேசம் இது. வெளுப்புத் தூள் எதையும் வெளுக்கும் என்ற நம்பிக்கை நம் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. இலை, சருகு விழுந்து உண்டாகும் கறையைக் குளோரின் வெளுக்கும் என்பது உண்மையே. இரும்பின் விஷயமோ நேர்மாறு. காற்றுப் படாத ஆழத்தில், இரும்பு தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. குளோரின் பட்டதும் அது துருவாக மாறிப் பிரிந்து படிகிறது. ஆகவே தூளைக் கூட்டக் கூட்டக் கறையும் கூடுமே தவிரக் குறையாது.

அடுத்தபடியாக, கக்கூஸ் கழுவும் ஆசிட் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு வந்தவர் குளோரின் தூள் டப்பாவின் பக்கத்திலேயே திறந்து வைத்ததைக் கண்டு நான் பதறிப் போனேன். நேயர்களே, இதைத் தயவு செய்து மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். வெளுப்புத் தூளும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்தருகே ஜெர்மானியர் போர்க்களத்தில் அவிழ்த்து விட்டது இதே வாயுதான். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. குளோரின் தூளிலும் இரு வகையைக் கலத்தல் ஆகாது. தூளைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இந்தக் கலவரத்தையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக் கொண்டிருந்த என் சம்சாரம், "வேட்டியில துருக்கறை பட்டா எலுமிச்சம்பழமும் உப்புந்தானுங்க தேய்ப்போம்? ஓட்டுக்கு மட்டும் வேறயா?" என்றாள்.

வேறல்லதான்! எலுமிச்சையின் புளிப்பு துருவைக் கரைத்து விடுகிறது. அந்தப் பழத்தில் உள்ள வைட்டமின் 'சி'க்கும் அந்தச் சக்தி உண்டு. மருந்துக் கடையில் விற்கும் வைட்டமின் 'சி' மாத்திரை ஒன்றைக் கறையின் மேல் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தோம். எடுத்ததும் அந்த இடத்தில் வட்டமாக வெண்மை தெரிந்தது. கறை இரும்பினால் ஆனதே என்று நிச்சயமாயிற்று. நீலப் பச்சையாக இருந்தால் செம்பு என்று சந்தேகிக்கலாம்.

பிறகு செய்தது இது: குளோரின் அநேகமாக அற்றுப் போகும் வரை காத்திருந்தோம். குளோரின் இருந்தால் வைட்டமினைத் தின்று விடும். பிறகு அரைக் கிலோ வைட்டமின் 'சி' தூளைக் கறையின் மேல் பரவலாகத் தூவி, தண்ணீரைச் சுழல விட்டோம். சில மணி நேரத்தில் கறை கரைந்தது. ஆனால் இரும்பு எங்கும் போய் விடவில்லை. மறுபடியும் தண்ணீரில் ஒளிந்து கொண்டது, அவ்வளவுதான். அதைப் படிய விடாமல் கட்டி வைக்கும் மருந்து ஒன்று உண்டு. அதையும் ஊற்றினோம். நாளடைவில் அதன் வலிமை குன்றுவதால் அவ்வப்போது மீண்டும் சேர்க்க வேண்டும்.

அப்போதுதான் உண்மையான சோதனை வந்தது. "அப்பிச்சி, தண்ணி பளபளன்னு இருக்குதுங்களே, குதிக்கட்டுங்களா?" என்று பேரன் துண்டுடன் வந்து நின்றான். பளபளப்பு வாஸ்தவம். ஆனால் அதில் குளோரின் துளியும் இல்லை; பேதியை உண்டாக்கும் கிருமிகளைத் தடுக்க ஆளில்லை. முடியாது என்றேன். குழந்தையின் முகம் சுண்டிப் போயிற்று, என் மனமும்தான். ஆயினும் மாலைதோறும் சிறிது சிறிதாகவே குளோரினைச் சேர்த்தோம். பகலில் போட்டால் வெயிலே பெரும் பகுதியை அழித்து விடும். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்குக் குளோரின் 1 முதல் 3 பங்கு, புளிப்புக் கார அளவு 7.2 முதல் 7.6 வரை, சோதனைப் பெட்டி இப்படிக் காட்டிய பிறகே பிள்ளைகளை இறங்க விட்டோம். அதற்கு ஐந்து நாளாயிற்று.

இனி, ஆவியாகிக் குறைவதை எதைக் கொண்டு நிரப்புவது? ஆழ்துளைத் தண்ணீர் என்றால் இரும்பும் கூடவே வரும். அதை வடிகட்டும் சாதனம் வைத்தாக வேண்டும். சிறுவாணித் தண்ணீர் ஊரார் குடத்துடன் காத்திருந்து பிடிக்கும் குடிநீர். அதைக் குளத்தில் கொட்டுவது தருமமன்று. வானம் கொடுப்பது இருக்கிறதே! 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. கோவையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தாலே, 100 சதுர மீட்டர் கூரையில் 60,000 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக மிஞ்சுவதைத் தொட்டியில் பிடித்து வைத்தால் குளத்துக்குத் தாராளம்.

தெளிந்த தண்ணீர் எங்களை இரண்டு முறை ஏமாற்றப் பார்த்தது. முதல் முறை இரும்பை மறைத்துக் கொண்டு வந்தது, ஏமாந்தோம். இரண்டாம் முறை காவலில்லாமலே பளபளத்து நின்றது. அளந்து பார்த்ததால் பிழைத்தோம். கண்ணை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். வீட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஏதாவது சொன்னால், அதையும் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள்.