விரல் நுனியும் தலைவிதியும்

காரைக்குடிப் பக்கத்தில் பொங்கல் கழிந்தால் மஞ்சுவிரட்டும், பொட்டல் கண்ட இடமெல்லாம் பந்தாட்டமும் நடப்பது யாவரும் அறிந்ததே. இவைகளில் விரல் நுனியில் அடிபட்டவர்களில் சிலருக்கு நுனிக்கணு மாத்திரம் கீழே தொங்கிவிடுகிறது. உடனே நம் ஜனங்கள் “சுளுக்கு” என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள்; மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள்; பலிக்காவிட்டால் தலைவிதி என்கிறார்கள்.

உண்மை என்ன? விரலின் முதுகுப்புறமாக ஓடி நுனியெலும்பைப் பிடித்திருக்கும் தசைநாண்தான் நுனியை நிமிர்த்துகிறது. நீட்டிய விரலைப் பந்து தாக்கி மடக்கும்போது அந்த நாண் அறுகிறது; அல்லது எலும்புச் சில்லோடு பெயர்கிறது. மற்றக் கையால் தூக்கினால் நுனி நிமிர்ந்து, விட்டால் விழுந்து, தானாக நிமிராவிட்டால் அதுதான் அடையாளம். இதற்கு ஜோசியம் எதற்கு? எலும்பு பெயர்ந்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும்.

சிகிச்சைக்கும் பெருஞ்செலவில்லை. நடுக்கணுவை மடங்கவிட்டு, நுனிக்கணுவை மாத்திரம் நிமிர்த்திப் பட்டை வைத்து, இரவும் பகலும் 6 முதல் 8 வாரம் கட்டியிருக்க வேண்டும். பட்டை மாற்றும்போதும் விரலை மேஜைமேல் நீட்டியே வைக்க வேண்டும். ஒரு தரம் மடங்கினால் கணக்கு முதலிலிருந்துதான். பிறகு சில வாரம் இரவில் மட்டும் போதும். சில வாரம் தாமதித்து வந்தவர்களுக்கும் இது பலன் தருவதுண்டு. ஆனால் தோல் கிழிந்திருந்தாலோ, கணு விலகியிருந்தாலோ, அடிபட்டது குழந்தையானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிவகங்கையில் 2012 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. சென்னை ஸ்டான்லியிலோ 1971-லேயே கைக்கென்று தனிப்பிரிவு தொடங்கியாயிற்று.

நிற்க, நமக்குத் தெரிந்த கண்டாங்கி நெய்யும் தோழர் ஒருவர், வலி போயிற்றென்று மூன்றாம் வாரமே பட்டையைக் கழற்றிவிட்டார். நுனி மறுபடி விழுந்தது. “நேரம் சரியில்லை” என்றார். அறுந்த இழையின் இரு முனையையும் சேர்த்துப் பிடிக்காமல் முடிச்சு விழாதென்பதை அவருக்கு நாமா சொல்லவேண்டும்? கட்டிவிட்டவர் காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியதும் குற்றமே. இப்படியே விட்டால் சிலருக்கு நடுக்கணுவும் பின்னுக்கு வளைந்து, விரலே கோணலாகிவிடும். கை கோணினால் கூலி கோணும். கூலி கோணினால் குடும்பம் கோணும்.

ஒரு மண்டலமென்று 48 நாள் மாலைபோட்டு விரதங்காக்கும் நம்மவர்கள், சொந்த விரலை அதே அளவு நாள் நிமிர்த்தி வைக்கப் பொறுமையில்லை என்பது நியாயமா? விரல் தொங்குவது விதியால் அல்ல, நாண் அறுந்ததால். இதை ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்.